புரோமோஷன் வேண்டாதவன்

1976ஆம் ஆண்டு ஆனி மாதம் முடிவதற்குள் வரதராஜா முப்பத்தொரு பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி முடித்திருந்தான். பதினெட்டுப் பேர் பதில் போடவில்லை. பதினொரு பேர் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் தாம் காலமாகிவிட்டதைத் தம்முடைய செயலாளர் மூலம் அறிவித்திருந்தார். பதில் போட்டவர்களுக்குள் ஆக விரைவாகப் போட்டவர் அவர்தான். மிஞ்சியது ஒல்லாந்து.

எல்லாக் கடிதமும் கேட்டது ஒன்றையே. கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய ஓரிடம். தண்ணீருக்கு அடியில் மணல் எப்படி நகர்கிறது என்பது வரதனுடைய விஷயம். சிட்னியில் அதிலேயே முதுகலைப் பட்டம் முடித்திருந்தான். அவனை இங்கே அனுப்பிய புலமைப்பரிசில் வருட முடிவில், மார்கழி முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு கொழும்புக்கு விமான ரிக்கற். கொழும்பில் நீர்ப்பாசனக் கந்தோரில் அவனுக்கென்று ஒரு கதிரை காத்திருந்தது. மற்றவர்கள் கீறிய வாய்க்கால் படங்களில் ஒப்பம் வைக்கும் கதிரை. அதில் இருந்தவர்கள் பென்சனுக்குத்தான் எழும்பியிருக்கிறார்கள். வேறு எதற்கும் எழும்பியதை ஒருவரும் கண்டதில்லை.

இடம் தேடுவது லேசான வேலை அல்ல. பல்கலைக்கழக நூலகத்துக்கு ஐரோப்பியச் சஞ்சிகைகள் கப்பலில் வந்தன. கப்பல் ஆறுதலாக வந்தது. கடைசிப் பக்கத்தில் ஆராய்ச்சி இடங்களுக்கான விளம்பரம் இருக்கும். விண்ணப்ப முடிவுத் திகதி மூன்று மாதத்துக்கு முந்தியதாக இருக்கும். முடிந்துபோன வேலைகளை வாசிப்பதிலும் ஒரு நன்மை உண்டு, நம்மைத் தெரிவு செய்யவில்லையே என்ற கவலை வராது. இரண்டு மாதம் அந்த நன்மையை அனுபவித்த பிறகு வரதன் வழியை மாற்றினான். கட்டுரைகளின் அடியில் இருக்கும் விலாசத்தைக் குறித்துக்கொண்டு பேராசிரியருக்கே நேராக எழுதினான். முதலில் கட்டுரையின் பிரதி ஒன்று கேட்டு ஒரு அட்டை. பிரதி வந்ததும், அதை வாசித்துத் தன் வாழ்க்கையே மாறிவிட்டதாக ஒரு கடிதம். மூன்றாம் பந்தியில், இடம் இருக்கிறதா?

ஒல்லாந்துப் பேராசிரியர் ஹூக்ஸ்ட்ராவுக்கு மட்டும் அப்படி எழுத வரவில்லை. அவருடைய கட்டுரையில் பதினாலாம் சமன்பாட்டில் ஒரு கழித்தல் குறி விடுபட்டிருந்தது. அதைக் கண்டபின் வரதனால் வாழ்க்கை மாறியதைப் பற்றி எழுத முடியவில்லை. கழித்தல் குறியைப் பற்றி எழுதினான். பிறகு, இடம் இருக்கிறதா என்று கேட்டான்.

பதில் ஆடி மாத நடுவில், ஒரு சனிக்கிழமை வந்தது. அடுத்த நாள் பின்னேரம் அதைக் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

சிட்னியின் மேற்கே மெரிலேண்ட்ஸில் அந்த ஃபைப்ரோத் தகட்டு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் சச்சிதானந்தன். வரதன் பின் அறையில் இருந்தான். சச்சிதானந்தன் கொழும்பில் பதினோரு வருடம் அரசாங்க எழுதுவினைஞர். இப்போது பரமட்டாவில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. எட்டுத் திசையிலும் விண்ணப்பம், பெட்டிசம் எழுதுவதில் தன்னை வெல்ல ஆள் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. மற்றத் திசைகளில் விசாரிக்க ஒருவருக்கும் வசதி இல்லாததால் நம்பிக்கை அப்படியே இருந்தது. மனைவி யோகராணி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டெழுத்துக்காரி. வீட்டில் இருந்த தட்டச்சு இயந்திரம் அவளுடையது.

"வாசியும் ஐசே," என்றார் சச்சிதானந்தன். "மெல்லமா வாசியும். கடிதம் எண்டால் வரிக்கு இடையிலதான் விஷயம் கிடக்கும்."

வரதன் வாசித்தான். பேராசிரியரின் ஆங்கிலம் சுத்தமாக இருந்தது, ஆனால் புதுச் சப்பாத்துப் போட்டவர் நடப்பதுபோல் இருந்தது. கழித்தல் குறி பற்றி நீங்கள் சொல்வது சரி, ஒன்பது வருடமாக ஒருவரும் காணவில்லை, எனக்கு வெட்கம். என்னிடம் இரண்டு இடம் உண்டு. இரண்டும் ஆராய்ச்சி உதவியாளர் இடம். ஒன்றில் இருப்பவர் நாலு வருடத்தில் புரோமோட் செய்வார், நான் அவருடைய புரோமோட்டராக இருப்பேன். மற்றதில் புரோமோஷன் இல்லை. நீங்கள் புரோமோஷன் விரும்புகிறீர்களா, இல்லையா? தயவுசெய்து தெளிவாக எழுதுங்கள்.

பக்கத்து வீட்டு ரேடியோவின் ரக்பி வர்ணனையில் யாரோ பந்தைத் தவறவிட்டுவிட்டார்கள். பெரிய கூக்குரல் கேட்டது.

"பிழை பிடிச்சு எழுதினீரோ?" என்றார் சச்சிதானந்தன். அவருக்குக் கடிதத்தில் முதல் வரியே போதுமாக இருந்தது. "பெரிய மனுசனுக்கு? வேலை கேட்டு எழுதின கடிதத்திலை?"

"பிழை இருந்தது சச்சியண்ணை."

"பிழை எங்கைதான் இல்லை? என்ரை மனேசரிலை எத்தினை பிழை கிடக்கு. எழுதிக் குடுத்தனானே?"

"அவர் கோவிக்கேல்லை. சரியெண்டுதானே எழுதியிருக்கிறார்."

"ஐசே, நீர் ஒரு பச்சைக் குழந்தை. வெட்கம் எண்டு எழுதியிருக்கிறான். வெட்கப்பட்ட மனுசன் சும்மா விடுவானே? இப்ப பாரும், கீழ என்ன கேட்டிருக்கிறான் எண்டு. புரோமோஷன் வேணுமோ எண்டு கேட்டிருக்கிறான். வேலை தாறதுக்கு முதல் புரோமோஷன் வேணுமோ எண்டு உலகத்தில ஆரும் கேப்பினமே? இது பொறி."

புரோமோஷன் என்ற சொல் வரதனுக்கு ஒத்துக்கொள்ளாது. அவனுடைய தகப்பனும் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர். ஐம்பத்தாறாம் ஆண்டுத் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் புரோமோஷன் என்று ஆயிற்று. அவர் பரீட்சைக்குப் போகவில்லை. பதினெட்டு வருடம் ஒரே மேசை. அவரிடம் ஃபைல் கட்டப் பழகிய பெடியன்கள் ஒவ்வொருவராக அவருக்கு மேலே போய், மேலிருந்து அவருக்கே குறிப்பு எழுதினார்கள். வீட்டில் சாப்பிடும்போது அந்தச் சொல்லை ஒருவரும் எடுப்பதில்லை. சச்சிதானந்தனோ பரீட்சைக்கு இரண்டு தரம் போனவர். இரண்டு தரமும் வேண்டுமென்றே ஃபெயில் விட்டதாகச் சொல்லுவார். இரண்டாம் தரம் இரண்டு மார்க்கில் என்பதையும் அவரே சொல்லுவார்.

"ஒண்டு கேக்கட்டே?" என்றாள் யோகராணி. "ஆளை எல்லோ புரோமோட் பண்ணுறது. இவர் எழுதியிருக்கிறார், இருக்கிற ஆள் புரோமோட் பண்ணுவார் எண்டு. ஆள் எப்பிடி, ஆரைப் புரோமோட் பண்ணும்?"

"அது ஒல்லாந்தன்ரை இங்கிலீசு. நீர் தட்டும்."

"இல்லை, இஞ்சாருங்கோ, அதிலை ஏதோ..."

"ராணி. பதினொரு வருசம் நான் இந்தச் சொல்லோடை சீவிச்சனான். எனக்குத் தெரியாதே?"

யோகராணி தாளைச் செருகினாள். இடையில் இரண்டு கார்பன், ஒன்று ஃபைலுக்கு, ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் வரதனின் தகப்பனுக்கு. தகப்பன் எல்லாக் கடிதத்துக்கும் பிரதி கேட்டிருந்தார். அது உத்தியோகப் பழக்கம்.

சச்சிதானந்தன் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார். இருந்துகொண்டு அவருக்குப் பெட்டிசம் வராது. மாட்சிமை பொருந்திய பேராசிரியர் அவர்கட்கு. தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றேன். கழித்தல் குறி சம்பந்தமாக நான் எழுதியதை அதிகப்பிரசங்கித்தனமாகக் கொள்ளாது மன்னிக்குமாறு மன்றாடுகிறேன். தாங்கள் கேட்ட விடயத்தில் என் நிலைப்பாடு பின்வருமாறு. நான் புரோமோஷனை விரும்பவில்லை. இப்போதும் விரும்பவில்லை, இனி எக்காலத்திலும் விரும்பமாட்டேன். தங்கள் கீழ் ஆகக் குறைந்த இடத்தில் இருந்து ஊழியம் செய்வதே என் ஒரே அவா.

"கலாநிதிப் பட்டம் எண்டு ஒரு சொல் போடுவமே?" என்றான் வரதன்.

"முதல் கடிதத்தில கேட்டனீர்தானே? ஒரே ஆளிட்டை ரெண்டு தரம் கேட்டால் பேராசை. தெளிவா எழுது எண்டு கேட்டவன். இதைவிடத் தெளிவா ஆரும் எழுதேலாது."

அது உண்மை. வரதன் தன் வாழ்நாளில் ஒப்பம் வைத்த கடிதங்களுக்குள் ஆகத் தெளிவானது அதுதான்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கக்கூடிய ஆள் ஒருவரும் இருந்தார். பல்கலைக்கழக நீரியல் ஆய்வுகூடத்தில் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பவியலாளர் கேஸ் ஒல்லாந்துக்காரர்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் கப்பலில் வந்தவர். கேஸ் என்ற பெயரை ஆஸ்திரேலியர்கள் கீத் ஆக்கியிருந்தார்கள். வரதனை அவர்கள் வாரன் ஆக்கியிருந்தார்கள். யாராவது "வாரன்" என்று கூப்பிட்டால், ஊர்ப் பேச்சில் "வாறன்" என்று தானே விடைபெற்றுக்கொண்டு போவதுபோல் அவனுக்கு இருக்கும். கேஸிடம் கேட்பதுதான் முறை. ஆனால் கேஸ் அந்த ஆண்டு நீண்ட சேவை விடுமுறை எடுத்துக்கொண்டு, மனைவியையும் ஒரு கரவன் வண்டியையும் இழுத்துக்கொண்டு குவீன்ஸ்லாந்துக்குப் போயிருந்தார். மூன்று மாதம். ஒரே வேலையில் பல வருடம் அசையாமல் இருந்ததற்கு இந்த நாட்டில் விடுமுறை கொடுத்துப் பாராட்டுகிறார்கள் என்பதை வரதன் தகப்பனுக்கு எழுதவில்லை.

கடிதம் போனது. ஆவணி வந்தது. காலைக் குளிரில் ஸ்டேஷனில் எல்லாருடைய வாயிலிருந்தும் புகை வந்தது. வரதன் தினமும் மெரிலேண்ட்ஸிலிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்துக் கூடத்துக்குப் போய், கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் முக்காலியில் இருந்தான். தொட்டிக்குள் மணல் நகர்ந்துகொண்டிருந்தது. சின்ன மேடாக எழும்பி, மேட்டின் பின்பக்கம் சரிந்து, அடுத்த மேடாக எழும்பும். பார்த்தால் ஏதோ முன்னேறுவதுபோல் இருக்கும். பம்பை நிறுத்தினால், எல்லா மணலும் அதே தொட்டிக்குள்தான். அதற்குள் அவன் ஒல்லாந்து நகரங்களின் பெயர்களைப் பாடமாக்கிவிட்டான். நூலகத்தில் ஒரு பழைய மொழிப் பாடப்புத்தகம் எடுத்து, இது மேசை, அது பசு, என் மாமா தோட்டக்காரர் என்பது வரைக்கும் படித்தான். அவர்கள் நாட்டில் அடிக்கடி மழை என்று வாசித்து ஒரு மழைக்கோட்டும் பார்த்து வைத்தான். வாங்கவில்லை. வாங்கினால் இடம் கிடைக்காமல் போய்விடும் என்று ஒரு பயம். வாங்காததாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

புரட்டாதி இருபதாம் திகதி பதில் வந்தது. அவன் அதைக் கூடத்துக்குக் கொண்டுபோய், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தான்.

அன்புள்ள வரதராஜா, உங்கள் தெளிவான பதிலுக்கு நன்றி. நான் ஆச்சரியப்பட்டேன், ஏனென்றால் முதல் கடிதத்தில் நீங்கள் வேறு மாதிரி எழுதியிருந்தீர்கள். ஆனால் மனிதருக்கு மனம் மாற உரிமை உண்டு; நீங்கள் எக்காலத்திலும் என்றே எழுதிவிட்டீர்கள், அதை நான் மதிக்க வேண்டும். புரோமோஷன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் உங்களைப்போல் நுணுக்கமாக வாசிப்பவர் அல்ல, ஆனால் விருப்பம் உள்ளவர். மற்ற இடத்துக்கு ஒல்லாந்து மொழியில் மாணவருக்குப் படிப்பிக்க வேண்டும்; ஆகவே அதுவும் பொருந்தாது. கழித்தல் குறித் திருத்தம் அடுத்த இதழில் வரும், உங்கள் பெயரோடு. உங்களுடைய புரோமோஷன் இல்லாத வாழ்க்கைக்கு என் நல்வாழ்த்துக்கள்.

மூன்றாம் தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"வாரன்! என்ன மேட், யாரும் செத்துவிட்டார்களா?"

கேஸ். குவீன்ஸ்லாந்து வெயிலில் மூக்கின் தோல் உரிந்து, அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். வரதன் ஃபைலைத் திறந்து பேராசிரியரின் இரண்டு கடிதத்தையும், தன் பதிலின் பிரதியையும் நீட்டினான். கேஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்த கடிதம் இரண்டையும் வாசித்தார். பிறகு சச்சிதானந்தனின் பெட்டிசத்தை வாசித்தார். வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இதை ஏன் எழுதினாய்?"

"பணிவாக இருக்கட்டும் என்று."

"உனக்கு டொக்டர் பட்டம் வேண்டாமா?"

"அதற்காகத்தானே எழுதினேன்."

கேஸ் ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். மெல்லமாகச் சொன்னார், ஆஸ்பத்திரியில் சொல்வதுபோல. "எங்கள் மொழியில் புரோமோட் செய்வது என்றால் டொக்டர் பட்டம் எடுப்பது. வேறொன்றும் இல்லை. புரோமோஷன் என்றால் அந்தப் பட்டம். புரோமோட்டர் என்றால் அதற்கு வழிகாட்டும் பேராசிரியர். அவர் உன்னிடம் கேட்டது, டொக்டர் பட்டம் செய்ய விருப்பமா என்று. நீ..." அவர் தாளைப் பார்த்தார். "நீ எக்காலத்திலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்."

தொட்டியின் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதிக் கேட்டால்?" என்றான் வரதன்.

"ஆளை எடுத்துவிட்டாரே மேட். எடுத்த ஆளைப் போகச் சொல்ல மாட்டார்." கேஸ் எழுந்தார். "வா, மேலே கந்தோருக்குப் போய்க் கோப்பி குடிப்போம்."

வரதன் நிமிர்ந்து பார்த்தான். "எங்கே?"

"கந்தோர். ஆஃபீஸ். மன்னித்துக்கொள், ஒல்லாந்துக் கடிதம் வாசித்ததில் வாயில் வந்துவிட்டது."

கந்தோர். அப்பா பதினெட்டு வருடம் இருந்த கந்தோர். அவனுக்காகக் கதிரை காத்திருக்கும் கந்தோர். நூற்று முப்பத்தேழு வருடம் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர்கள் கந்தோரையும் போஞ்சியையும் கக்கூசையும் விட்டுவிட்டுப் போனார்கள். புரோமோஷன் என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கோப்பி நன்றாகத்தான் இருந்தது. அவன் பாதி குடித்தான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சச்சிதானந்தன் வாசலிலேயே கேட்டார். "என்னவாம்?"

"இடம் நிரம்பிட்டுதாம் அண்ணை."

"ரெண்டுமோ?"

"ஓம்."

சச்சிதானந்தனுக்கு உண்மையாகவே மனம் நொந்தது. பிறகு வரதனின் தோளில் கை வைத்தார். "பறவாயில்லை ஐசே. கடிதத்தில பிழை இல்லை. அவன்ரை நாட்டுக்காரன் ஆரும் உள்ளால போயிருப்பான். எங்கடை மானம் போகேல்லை, அதுதான் முக்கியம். என்ரை கந்தோரிலை அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கதை. ஒரு இத்தாலிக்காரன் தனக்கும் ஒண்டு எழுதித் தரச் சொல்லிக் கேட்டவன்."

வரதன் தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போனான். யோகராணி போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தச் சொல்லுத்தானே?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"ஓம் அக்கா."

"என்ன கருத்து?"

சொன்னான். கத்தி நின்றது. பிறகு மறுபடி வெட்டத் தொடங்கியது, முன்னைவிடச் சின்னச் சின்னத் துண்டாக.

"நான் தட்டேக்கை கை கூசினது," என்றாள். "வேணுமெண்டு ஒரு எழுத்தை மாத்தித் தட்டியிருக்கலாம். நான் பிழை விடாமல் தட்டுறனான் எண்டு ஒரு பெருமை." வெட்டியதைச் சட்டிக்குள் தள்ளிவிட்டு, "இவருக்குச் சொல்லாதேங்கோ தம்பி. இஞ்சை வந்து ஆறு வருசத்தில இவர் எழுதினதை ஒருத்தர் நல்லாயிருக்கெண்டு சொன்னது அந்த இத்தாலிக்காரன் மட்டுந்தான்."

"சொல்லேல்லை."

ஐப்பசி முதற் கிழமை தகப்பனின் ஏரோகிராம் வந்தது. மூன்று பக்கமும் நிரப்பி, ஒட்டும் மடிப்பிலும் எழுதியிருந்தார். கார்பன் பிரதி கிடைத்தது. பத்துத் தரம் வாசித்தேன். வாசிகசாலையில் சிவப்பிரகாசத்துக்கும் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். வெள்ளைக்காரன் வலிய வந்து புரோமோஷன் வேணுமோ என்று கேட்க, வேண்டாம், எக்காலத்திலும் வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தவன் என் மகன். என்னிடம் பதினெட்டு வருடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் இதையேதான் எழுதியிருப்பேன், இவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருப்பேனோ தெரியாது. பிரதியை மேசை லாச்சிக்குள் என்னுடைய சேவைப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். அந்த இடம் கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டாலும் குறை இல்லை. அந்தப் பேராசிரியர் கேட்டது மெய்தானே?

வரதன் பின் அறையில் இருந்து பதில் எழுதினான். முதல் ஏரோகிராமில் எல்லாவற்றையும் விளக்கினான். கேஸ் சொன்னதை, ஒல்லாந்துச் சொல்லை, கைவிட்டுப் போன இடத்தை. எழுதி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. எந்தச் சமன்பாட்டையும்போல ஒழுங்காக ஒன்றிலிருந்து ஒன்று வந்தது. அதைக் கிழித்தான். இரண்டாவதில் பாதி வரை போனான். லாச்சி என்ற சொல்லுக்கு வந்ததும் அதையும் கிழித்தான்.

மூன்றாவதில் நாலு வரி.

அன்புள்ள அப்பாவுக்கு, ஓம், அவர் கேட்டது மெய். நான் வேண்டாம் என்றுதான் எழுதினேன். அவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மார்கழி முடிவில் வாறன், கந்தோருக்கு எழுதிப் போட்டேன்.

ஒட்டுவதற்கு முன் பழக்கத்தில் ஒருதரம் வாசித்துப் பார்த்தான், வரி வரியாக, பேனை முனையை ஒவ்வொரு சொல்லிலும் வைத்துக்கொண்டு. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு கழித்தல் குறிகூட விடுபட்டிருக்கவில்லை.